பழுதென்று ஒதுக்கிய படலங்கள்

செங்காங்கில் உள்ள என் வீட்டிலிருந்து ஆய்வகத்துக்குப் பேருந்தில் வந்துகொண்டிருந்த காலைப் பொழுதில் முனைவர் தமயந்தியின் தம்பி அழைத்தார். "அக்கா போயிட்டாங்க. தூக்கத்திலேயே. ஹார்ட்னு சொல்றாங்க." நான் இறங்க வேண்டிய நிறுத்தம் கடந்து போயிற்று.

இந்த நினைவஞ்சலிக் கூட்டத்தில், உடன் பணியாற்றிய உங்களுக்கு எங்கள் வேலை தெரியும். அவருடைய உறவினருக்காகச் சொல்கிறேன். நெஞ்சில் ஒட்டினால் இதயத்தின் மின்துடிப்பைப் பெருக்கிக் காட்டும் டிரான்சிஸ்டரை, தோலைப் போல் வளையும் குறைகடத்திப் பாலிமரால் செய்ய முயன்றோம். பாலிமரை உருவாக்கியவர் அவர்; அதை மெல்லிய படலமாக வார்த்தவள் நான். கல்லூரி வாசலை மிதியாமல் நூலகத்தில் அமர்ந்து இத்துறையைக் கற்றவள். "இவங்க கை பட்டாதான் ஃபிலிம் சமமா வரும்" என்று வருவோரிடமெல்லாம் சொல்வார்.

"லேப் கண்ணாடி மேல ஃபிலிம் ஓடுறது பெரிசில்லக்கா. வேர்வையில ஓடணும் லா" என்பது அவர் கொள்கை. ஆகவே புதிய படலம் ஒவ்வொன்றையும் தம் நெஞ்சிலேயே ஒட்டிக்கொண்டு, உச்சி வெயிலில் தேக்காவிலிருந்து ஜாலான் புசார் வரை நடப்பார்.

இவ்வாண்டு அப்படி நடந்த ஒருநாள் இதயத் துடிப்பின் வரைகோடு இடையிடையே தடுமாறியது. வேர்வையின் உப்புநீரை உறிஞ்சிப் படலம் உப்பிவிட்டது என்று முடிவு செய்தோம். எங்கள் வேலையில் முதல் சந்தேகம் எப்போதும் படலத்தின் மீதுதான். மற்றொன்றை வார்த்தேன். அதுவும் தடுமாறியது. மூன்றாவதை நானே ஒட்டிக்கொண்டு அதே வழியில் நடந்தேன். கோடு பிசகவில்லை.

"என் ஃபிலிம்ல குறையில்ல, டாக்டர்" என்றேன்.

"உங்களுக்கு வேர்க்கவே இல்லையேக்கா, ஏர்கான்லயே பிறந்தவங்க மாதிரி" என்று சிரித்தார்.

சினந்து, படலத்தின் தடிமன், உலர்த்திய வெப்பம் என அனைத்தையும் ஒப்பித்தேன். என் கைத்திறனைக் காக்க அத்தனை சொற்கள் இருந்தன. தடுமாறுவது அவருடைய நெஞ்சாக இருக்கலாம் என்று சொல்ல ஒரு சொல்லும் எழவில்லை. அவர் பாலிமரின் அமைப்பை மாற்றத் தொடங்கினார்.

மருத்துவரிடம் போயிருந்தால் பிழைத்திருப்பாரா என்பதை நான் அறியேன். தகனம் முடிந்த மறுநாள், ஒதுக்கி வைத்திருந்த அவ்விரு படலங்களையும் உப்புநீரில் இட்டு அளந்தேன். இரண்டிலும் பழுதில்லை.

அவரிடமிருந்து நான் வைத்திருப்பவை, அவை வரைந்த துடிப்புக் கோடுகள் பதிந்த இரண்டு தாள்கள். 'படலம் சரியில்லை' என்று அவற்றின் ஓரத்தில் எழுதியிருப்பது அவர் கையெழுத்து. அதன் கீழே, ஒப்புதலாக, என்னுடையது.