பதிவேட்டில் ஏறாத பெயர்கள்

சாமுவேல் உபதேசியார் மறைந்த செய்தி, திருப்பதியில் நான் ஆபீசுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது வந்தது. "அண்ணா, நைனா பூட்டாருண்ணா," என்று போனில் அழுதாள் அவர் மகள். கையிலிருந்த டிபன் பாக்ஸைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல் நின்றேன்.

சாந்திபுரம் பக்கத்து ஊர்களில் சபையைப் பார்த்துக்கொண்டவர் அவர். தொண்ணூறுகளில் எங்கள் சனம் கட்டட வேலைக்குப் பெங்களூர் போகத் தொடங்கியதும், சனிக்கிழமைதோறும் அவரும் ரயிலேறினார். அங்கே தகரக் கொட்டகையில் ஜெபம் வைப்பார். "மொதல்ல துன்னுங்க. பசியோட பாடினா ஆண்டவருக்கே அழுவாச்சி வரும்," என்பார். அப்படிச் சிரிக்கவைத்தே எங்களைச் சேர்த்துக்கொண்ட மனுஷர்.

ஏரியில் எனக்கு ஞானஸ்நானம் கொடுத்தவரும் அவரே. முழுக்கு முடிந்ததும் பெயரைச் சபைப் பதிவேட்டில் எழுதுவது வழக்கம். அப்போது எனக்கு எஸ்.சி. கோட்டாவில் அரசு வேலை வரும் நேரம். கிறிஸ்தவன் என்று ஏறினால் சாதிச் சான்றிதழ் செல்லாது. அவர் பேனாவை மூடிவிட்டார். "மேல ஆண்டவரு எழுதிக்கினாரு தம்பி. கீழ நான் எழுதலன்னா ஒண்ணும் கொறையாது." என்னைப் போல் இன்னும் பலருக்கும் அப்படியே செய்தார்.

அதுவே அவருக்கு வினையாயிற்று. மிஷன் பெரியவர்கள் வந்து பதிவேட்டைப் புரட்டினார்கள். பல வருஷமாகப் புதுப்பெயரே இல்லை. "இத்தனை நாளா என்னய்யா ஊழியம் பண்ணீரு?" என்று சபை நடுவில் கேட்டார்கள். உபதேசியார் தலைகுனிந்து நின்றார். முழுக்கெடுத்த நாங்கள் பாயில் உட்கார்ந்திருந்தோம். ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. உபதேசியார் வேலை போய், பெங்களூரில் ஒரு அபார்ட்மெண்டில் வாட்ச்மேன் ஆனார்.

ஒருமுறை அங்கே போய், "நீங்களாவது சொல்லியிருக்கலாமே ஐயா," என்றேன். என்ன திமிர் எனக்கு!

"நான் சொன்னா ஒங்க சோறு பூடும். நீங்க யாராச்சும் எழுந்துப்பீங்கன்னு பாத்துக்கினே இருந்தேன் தம்பி," என்றார். அந்தக் குரலில் கோபமே இல்லை. திட்டியிருந்தால் தேவலை.

நேற்று அடக்கத்தில் புதுப் போதகர், "பலன் காணாவிட்டாலும் உண்மையாய் உழைத்தவர்," என்று பேசினார். கட்டட வேலை செய்யும் மணியம்மாள் விருட்டென்று முன்னால் வந்தார். அவர் மகனும் கோட்டாவில்தான் படிக்கிறான். "பலன் இல்லயா? என்னை முங்க வெச்சவரு அவருதான். மத்தவங்களும் சொல்லுங்களேன்!" என்று எங்கள் பக்கம் திரும்பினார். நான் மண்ணைப் பார்த்தேன். எனக்கு இன்னும் ஆறு வருஷம் சர்வீஸ் இருக்கிறது.

உபதேசியாரே, போய் வாருங்கள். உங்களுக்காக இவ்வளவு எழுதிவிட்டு, கீழே என் பெயரைப் போடாமல்தான் பத்திரிகைக்கு அனுப்புகிறேன்.