மீசை வைத்த ராணி

எங்கள் தொழிற்சாலையில் ஆள் எடுப்பது, விடுப்பு, தண்டனை, பிரிவு உபசாரம் எல்லாம் என் மேசை வழியாகத்தான் போகும். பணியாளர் அதிகாரி என்று பெயர். எதற்கும் ஒரு விதி உண்டு என்று நம்பித்தான் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தேன். எண்பதுகளின் நடுவில் ஒருநாள் டூல் ரூம் ஃபோர்மேன் வந்து கேட்ட அனுமதிக்குத்தான் எந்த விதியும் அகப்படவில்லை. தொழிற்பேட்டைக்குப் பின்னால் இருக்கும் மொட்டைப் பாறையில், முதலாம் எலிசபெத் ராணி காலத்து ஆங்கில நாடகம் ஒன்றைத் தமிழில் போடவேண்டும் என்றார்.

"கேன்டீன் ஹாலை எடுத்துக்குங்களேன். ஃபேன் இருக்கு."

"அந்தக் காலத்துல இதெல்லாம் வானத்துக்குக் கீழதான் சார் போட்டிருக்கான். பட்டப்பகல்ல. விளக்கு கிடையாது, மைக்கு கிடையாது. கேன்டீன்ல போட்டா, ராஜா சாவுத நேரத்துல சாம்பார் வாசனைல்லா வரும்."

திருநெல்வேலிக்காரர். ஏதோ ஒரு கல்லூரியில் ஆங்கில இலக்கியம் பாதி படித்து, மீதியை விட்டுவிட்டு, டூல் ரூமில் இரும்பு அச்சு செதுக்க வந்தவர். விட்ட பாதியை நாடகம் போட்டு ஈடுகட்டிக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன்.

மைக் இல்லை என்றதும் எனக்கு நிம்மதி. ஒலிபெருக்கி வைத்தால் காவல் நிலையத்தில் அனுமதி வாங்கவேண்டும். இல்லாத ஒலிபெருக்கிக்கு வேண்டியதில்லை. பாறையோ புறம்போக்கு. வாயால் சரி என்றேன், எழுத்தில் கொடுக்கவில்லை. நடைமுறை அதுதான்.

அப்படி ஆரம்பித்து வருஷத்துக்கு ஒரு நாடகம் என்று ஆயிற்று. முதல் ஷிஃப்ட் முடிந்து, எண்ணெய்க் கையோடு பாறைக்குப் போய் ஒத்திகை பார்ப்பார்கள். நானும் போய் உட்காருவேன். வேலைநிறுத்தம் பற்றிப் பேசுகிறார்களா என்று பார்க்கப் போனதாக நிர்வாகம் நினைத்தது. உண்மையில் காற்று நன்றாக இருக்கும். ராஜா வேஷம் லேத் மெஷின் ஓட்டும் ஒரு டர்னருக்கு. வீட்டில் கன்னடம் பேசுகிறவர், நல்ல உயரம். கோமாளி, மெயின்டனன்ஸ் ஆள்; தமிழில் ஆரம்பித்து, தெலுங்கில் திட்டி, கன்னடத்தில் மன்னிப்புக் கேட்பார். அதற்கென்றே ஆடு மேய்க்கிறவர்கள்கூட வந்து உட்காருவார்கள். கிரீடம் எங்கள் பிரஸ் ஷாப்பின் கழிவுத் தகட்டில் வெட்டியது. அதை வெளியே கொண்டுபோக நான்தான் கேட் பாஸ் போட்டேன்: 'கிரீடம், ஒன்று, திரும்பக் கொண்டுவரப்படும்.' வாசலில் பாதுகாவலர் அதைத் தலையில் வைத்துச் சரிபார்த்துவிட்டே அனுப்பினார்.

ராணி வேஷம் ஒரு ஃபிட்டருக்கு. ஊத்தங்கரைப் பக்கத்து ஆள், ஒல்லி, குரல் மெல்லிசு. வருஷாவருஷம் நாடகத்துக்காக மீசையை எடுப்பார். எடுத்த மறுநாள் தவறாமல் இரண்டு பேராவது அவரிடம் வந்து, "அப்பா எப்பங்க தவறினாரு?" என்று கையைப் பிடித்துக்கொள்வார்கள்.

அந்த ராணி வேஷத்தின்மேல்தான் என் பிரிவு டைப்பிஸ்ட்டுக்குக் கண். கெலமங்கலத்திலிருந்து பஸ்ஸில் வருகிற பெண். நடிகர்களுக்கு வசனம் எடுத்துக்கொடுக்கிற வேலை அவளுடையது. ஒரு பாறைக்குப் பின்னால் நின்றுகொண்டு, ஷிஃப்ட் களைப்பில் மறந்தவர்களுக்கு அடுத்த வரியைச் சொல்வாள். எல்லார் வசனமும் அவளுக்கு மனப்பாடம். மூன்றாவது வருஷம் துணிந்து கேட்டேவிட்டாள்.

ஃபோர்மேன் தலையை ஆட்டினார். "அந்தக் காலத்துல ராணி வேஷம் ஆம்பளைக்குத்தான் தாயி. நாம அப்படியே போடுதோம்."

"அந்தக் காலத்துல டூல் ரூமுந்தாங்க சார் இல்ல."

எல்லாரும் சிரித்தார்கள். அவர் இறங்கி வரவில்லை. அவள் பாறைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். அன்று ஒருவருக்கும் வசனம் மறக்காதபோதே அடுத்த வரியை எடுத்துக் கொடுத்தாள், சத்தமாக.

அந்த வருஷம் ஃபிட்டருக்குக் கல்யாணம் கூடிவந்திருந்தது. நாடகத்துக்கு ஒரு வாரம் முன்னால் அவர் மீசையை எடுக்க மாட்டேன் என்றுவிட்டார்.

"மீசைய எடுத்தா எங்க பக்கம் துக்கம்னு அர்த்தம் சார். பொண்ணு வூட்டுக்காரங்க இப்பத்தான் வந்து போய்க்கிட்டு இருக்காங்க. மொழுக்குனு போயி நின்னா கல்யாணமே நின்னுடும்."

டைப்பிஸ்ட் நிமிர்ந்து ஃபோர்மேனைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். அவர் நெடுநேரம் யோசித்து, ராணி கையில் ஒரு விசிறி கொடுப்பது என்று முடிவு செய்தார். மீசை தெரியாமல் விசிறிக்கொண்டே பேசவேண்டும். அவ்வளவு நேர்மையான பிடிவாதத்தை நான் தொழிற்சங்கத்தில்கூடக் கண்டதில்லை. அவள் முகம் சிறுத்துப்போயிற்று.

அப்போதெல்லாம் மின்வெட்டுக் காலம். எந்தப் பிரிவுக்கு என்றைக்கு மின்சாரம் இல்லையோ, அன்றுதான் அந்தப் பிரிவுக்கு வார விடுமுறை. இது அடிக்கடி மாறும். ஃபிட்டரின் நிச்சயதார்த்தத்துக்காக நாடகத்தை ஒருநாள் தள்ளி வைத்தார்கள். தள்ளி வைத்த நாளில் டர்னரின் பிரிவுக்கு வேலை உண்டு என்று அறிவிப்புப் பலகையில் என் கையெழுத்துடன் சுற்றறிக்கை ஒட்டியிருந்தது. சுற்றறிக்கையை யாரும் படிப்பதில்லை, ராஜாக்கள் உள்பட.

ஆக, பாறையைச் சுற்றி ஜனம் உட்கார்ந்துவிட்டது. ராணி விசிறியோடு தயார். ராஜா தொழிற்சாலைக்குள் லேத்தில் நிற்கிறார். அவரை விடுவித்தால் உற்பத்தி நிற்கும். அதற்கு மேலே ஒருவர் கையெழுத்து வேண்டும், அவர் பெங்களூர் போயிருந்தார். கோமாளி தனக்குத் தெரிந்த மூன்று மொழியையும் தீர்த்துவிட்டு எங்களைத் திரும்பிப் பார்த்தார்.

டைப்பிஸ்ட் கிரீடத்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஃபோர்மேன் முன்னால் வந்தாள்.

"எனக்கு முழுசும் தெரியும் சார்."

"தாயி, அந்தக் காலத்துல..."

நான் குறுக்கிட்டேன். "ராணி வேஷம் ஆம்பளைக்குத்தான்னு சொன்னீங்க. ராஜா வேஷத்தைப் பத்தி ஒண்ணும் சொல்லலையே."

"சார், இது உங்க ஆபீஸ்ல சட்டம் பேசுத வேலை."

"ஆமா. விதியில இல்லாததுக்குத் தடை இல்ல."

அவர் கூட்டத்தைப் பார்த்தார். சிவப்புப் போர்வையை உதறி அவள் தோளில் போட்டார்.

புடவைமேல் போர்வை, தலையில் கிரீடம். அவள் மேலே ஏறியதும் சிரிப்பும் விசிலும். "யக்கா, மீசை ராணிகிட்ட இருக்குது, வாங்கி வெச்சுக்கோ!" என்று ஒருவன் கத்தினான். ராணியின் விசிறி வேகமாக ஆடியது. அவள் வசனம் பேசவில்லை. கத்தினவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். சிரிப்பு அடங்கட்டும் என்று ஒரு ராஜா காத்திருப்பதுபோல் இருந்தது. அடங்கியது. பிறகுதான் வாயைத் திறந்தாள்.

கிரீடம் பெரியது, காதுவரை இறங்கும். ஒற்றை விரலால் மேலே தள்ளிவிட்டுப் பேசுவாள். கொஞ்ச நேரத்தில் அதுவே அந்த ராஜாவின் குணமாகிவிட்டது. விரல் மேலே போனால் யாருக்கோ தண்டனை என்று கூட்டத்துக்குப் புரிந்துவிட்டது. கடைசியில் ராஜா செத்தபோது வெயில் மஞ்சளாகியிருந்தது. ராணி அழுகிற வேகத்தில் விசிறியை மறந்து கீழே போட்டுவிட்டார். மீசை முழுசாகத் தெரிந்தது. ஒருவரும் சிரிக்கவில்லை.

மறுநாள் ஃபோர்மேன் என் அறைக்கு வந்தார். என்னிடம் அல்ல, டைப்பிஸ்ட்டிடம்.

"தாயி, அடுத்த வருஷம் ராணி வேஷம் உனக்குத்தான். நான் விட்டுக்கொடுத்தாச்சு."

அவள் தட்டச்சு செய்வதை நிறுத்தவில்லை. "வேணாங்க சார். ராணிக்குப் பேச்சே கொஞ்சம், மீதியெல்லாம் அழுகை. எனக்கு ராஜாதான் வேணும்."

செய்தி லேத் வரைக்கும் போயிற்று. டர்னர் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். "நன் பார்ட், என் பார்ட் அது, சார். ஒருநாள் லீவு கெடைக்கலேன்னா கொடுத்துடறதா?" அதுவும் நியாயம்தான்.

இருவரும் என்னைப் பார்த்தார்கள். ஒரே பதவிக்கு இருவர் தகுதியானால் என்ன செய்வோமோ அதைச் சொன்னேன்: தேர்வு. மைக் இல்லாத நாடகம். கடைசி ஆள் வரைக்கும் யார் குரல் போகிறதோ, வேஷம் அவருக்கு.

அன்று மாலையே பாறையில் வைத்தோம். ஃபோர்மேன் தூரத்தில், நாடகத்தன்று கூட்டம் முடிகிற இடத்தில் போய் நின்றார். கேட்டால் கையைத் தூக்குவதாக ஏற்பாடு. எதிர்க்காற்று. டர்னர் முதலில் பேசினார். நல்ல கனமான குரல். ஃபோர்மேன் காதுக்குப் பின்னால் கையைக் குவித்துக்கொண்டு கொஞ்சம் முன்னால் நடந்து வந்தார். பிறகுதான் கை தூக்கினார்.

திரும்பவும் பழைய இடத்துக்குப் போனார். அவள் ஆரம்பித்தாள். முதல் வரி முடிவதற்குள் தூரத்தில் கை உயர்ந்துவிட்டது. "ஆச்சும்மா, கேக்குதாம்" என்றார் டர்னர், வருத்தத்தோடுதான்.

அவள் நிறுத்தவில்லை. ராஜா சாகிறவரைக்கும் பேசி முடித்தாள். ஃபோர்மேன் அதுவரை கையை இறக்கவில்லை.