எமிலியான் அண்ணையை எழிலன் ஆக்கியவர்களுக்கு

“எழிலன் காலமானார்” என்று நம் தமிழ்ச் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தபோது, யாரோ தெரியாதவர் என்று நினைத்துத் தேநீரைக் குடித்துக்கொண்டிருந்தேன். பிறகு படம் வந்தது. எமிலியான் அண்ணை! இங்கே கனடாவில், ஸ்காபரோவில் பல வருடம் என்னோடு ஒரே தொழிற்சாலையில் பெட்டி கட்டியவர். அவர் செத்ததைக்கூட ஒழுங்காகச் சொல்லவிடாத உங்கள் தமிழ்ப்பற்று நாசமாய்ப் போக.

ஸ்காபரோவின் வோபர்ன் பகுதியில் நம் சங்கம் நடத்திய கூட்டம் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். வெள்ளைக்காரன் வைத்த அடிமைப் பெயர்களைத் தூக்கியெறியுங்கள் என்று மேடையில் ஒருவர் முழங்கி, அண்ணைக்கு அங்கேயே ‘எழிலன்’ என்று பெயர் சூட்டினார். அண்ணை எழுந்தார்.

“ரோமாபுரியில ஏமிலியுஸ் எண்டொரு குடும்பம் இருந்தது. அவையின்ர பேர் இது. போர்த்துக்கீசன் மன்னாருக்குக் கொண்டுவந்தான். ஆனா என்னை அப்பிடிக் கூப்பிட்டது என்ர அம்மா. அவவிட்டக் கேட்டு மாத்துங்கோ.”

அவருடைய அம்மா போரில் ஷெல்லடியில் இறந்தவர் என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். எழிலன் என்ற பேச்சு அன்றோடு முடிந்தது என்று நானும் மறந்துவிட்டேன்.

எமிலியான் என்ற பெயருக்குப் ‘போட்டிக்கு நிற்பவன்’ என்று பொருள் சொல்வார்கள். அது உறுதியில்லை என்றும் அவரே சொல்வார். “சண்டைக்காரன் எண்டதை மனிசி எப்பவோ கண்டுபிடிச்சிட்டா” என்று சிரிப்பார். எங்கள் போர்த்துக்கீச சூப்பர்வைசர் ஒருநாள், தன் தாத்தாவின் பெயரும் எமிலியானோதான், நீ எங்கள் ஆள் என்று தோளில் கை போட்டார். அண்ணை அந்தக் கையை மெல்ல எடுத்துவிட்டு, தான் மன்னார் ஆள் என்றார். அவருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை, உங்களுக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

ஆனால் பிணமானதும் உங்களுக்கு வசதியாகிவிட்டது. இறுதிச்சடங்கு மண்டபத்தில் சவப்பெட்டிக்கு மேலே பெரிய பதாகை: எழிலன். ஒருநாளும் கணவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டறியாத ராணி அக்கா அதைப் பார்த்து, “உது ஆற்ற பேர்? இவர் எமிலியான்!” என்று கத்தினார்.

சங்கச் செயலாளர் குனிந்து, “அக்கா, செத்தவீட்டில பிரச்சினை வேண்டாம்” என்றார்.

பதாகையை இழுத்து விழுத்தியது நான்தான். இன்னும் பத்துப் பதாகை கட்டியிருந்தாலும் விழுத்தியிருப்பேன்.

இப்போது நினைவுமலருக்கு ‘எழிலன்’ பற்றிக் கட்டுரை கேட்கிறீர்கள். இதுதான் கட்டுரை, பெயரை மாற்றுவதானால் அச்சிடாதீர்கள். கல்லறைக்கல்லும் உங்கள் பொறுப்பிலாம். ராணி அக்கா சொன்ன பெயரை அதில் வெட்டுங்கள்.

அண்ணையிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அவருடைய கோபத்தை. கல்லில் எமிலியான் என்று வாசிக்கும்வரை, அந்தக் கோபத்தோடு உங்கள் ஒவ்வொரு கூட்டத்துக்கும் வருவேன்.