பூசினாற்போல் இருந்த முகம்

என் மனைவி வாளியிலிருந்து ஈரப் போர்வையைத் தூக்கினாள். அவ்வளவுதான். விழவில்லை, எதிலும் இடித்துக்கொள்ளவுமில்லை. "ஐயோ" என்று ஒரு சத்தம். சாமி விளக்குக்குத் திரி போட்டுக்கொண்டிருந்த நான் ஓடிப்போய்ப் பார்த்தேன். துவைக்கிற கல்லைப் பிடித்தபடி குனிந்தே நின்றாள். நிமிர முடியவில்லை.

செம்பாக்கத்திலிருந்து தாம்பரம் ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ. ஒவ்வொரு பள்ளத்துக்கும் என் கையை இறுக்கினாள். சுளுக்காகத்தான் இருக்கும் என்று நானும் அவளைத் தேற்றிக்கொண்டே போனேன்.

டாக்டரம்மா கம்ப்யூட்டரில் எக்ஸ்ரேயைக் காட்டினார். "முதுகெலும்புல ஒண்ணு நசுங்கியிருக்கு, பாருங்க."

அடுக்கி வைத்த பெட்டிகளில் ஒன்று மட்டும் அழுந்திப்போன மாதிரி இருந்தது. அவளுக்கு வயது ஐம்பத்திரண்டு. ஒரு போர்வையைத் தூக்கினால் எலும்பு நசுங்குமா?

"என்ன மாத்திரை சாப்பிடறாங்க?"

சட்டைப் பையிலிருந்த அட்டையை எடுத்து நீட்டினேன்.

"இது ஸ்டீராய்டு. எத்தனை நாளா?"

"மூணு வருஷமா, மேடம்."

"மூணு வருஷமாவா? யார் எழுதிக் குடுத்தாங்க?"

எழுதித் தந்தது ஒரு மாதத்துக்குத்தான். மிச்சமெல்லாம் நானாக வாங்கியது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அவளுக்கு விரல்கள் வீங்கின. காலையில் காபி டம்ளரைக்கூடப் பிடிக்க முடியாது. ருமட்டாய்டு, மூட்டுவாதம் என்றார்கள். அப்போது பார்த்த டாக்டர் மூன்று மாத்திரை எழுதி, ஒரு மாதம் கழித்து வரச் சொன்னார். அதில் இந்தச் சின்ன மாத்திரைதான் அதிசயம். நாலாம் நாளே எழுந்து வாசலில் கோலம் போட்டாள். நான் அம்மன் கோயிலுக்கு ஓடித் தேங்காய் உடைத்தேன்.

வலியே இல்லை, அப்புறம் எதற்கு டோக்கன் போட்டு உட்கார வேண்டும் என்று திரும்பப் போகவில்லை. காலி அட்டையை மெடிக்கல் ஷாப்பில் காட்டினால் புது அட்டை கொடுத்துவிடுவார்கள். வாரம் ஒருநாள் போடுகிற மாத்திரை வயிற்றைப் புரட்டுகிறது என்று அவள் நிறுத்திவிட்டாள். மூன்றாவது, சுண்ணாம்புக்கட்டி மாதிரிப் பெரியது. கடைக்காரர் அதைச் 'சத்து மாத்திரை' என்றார்.

ஆறு மாதத்தில் அவள் முகம் உருண்டையானது. கோயிலில் பக்கத்து வீட்டம்மா கேலி செய்தார்: "இன்னாக்கா, பூசினாப்ல ஆயிட்ட! அண்ணன் கவனிப்பு ஜோரா கீதா?" இவள் வெட்கப்பட்டாள். எனக்கானால் பெருமை தாங்கவில்லை. நோஞ்சானாக இருந்தவள் தேறிவிட்டாள், எல்லாம் அம்மன் அருள் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன். உடம்பில்தான் சத்து ஏறிவிட்டதே, இனிச் சத்து மாத்திரை எதற்கு என்று அதை நானே நிறுத்தினேன்.

இதையெல்லாம் தலைகுனிந்து சொன்னேன். டாக்டரம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"அது சதை பிடிச்சதில்லைங்க. இந்த மாத்திரையால முகம் ஊதியிருக்கு. இது வலியை அடக்கும், ஆனா வருஷக்கணக்கா போட்டா எலும்பை அரிச்சிடும். இந்த நோயும் எலும்பை பலவீனமாக்கும். அதுக்குக் காவலாத்தான் அந்தச் சத்து மாத்திரை."

நான் பார்த்துப் பார்த்துப் பூரித்த முகம்! வெளியே ஊத ஊத, உள்ளே எலும்பு கரைந்திருக்கிறது. அட்டையைக் கசக்கிக் குப்பைக்கூடையில் போடப் போனேன்.

"சார், வேணாம்!" டாக்டரம்மா எழுந்தே விட்டார். "திடீர்னு நிறுத்தினா உயிருக்கே ஆபத்து. நான் சொல்ற கணக்குலதான் கொஞ்சம் கொஞ்சமா குறைக்கணும்."

நீட்டிய கை அப்படியே நின்றது. கொடுத்ததும் தப்பு, பிடுங்குவதும் தப்பு. இன்னும் ஒரு நிமிஷத்தில் இரண்டாவது தப்பையும் செய்திருப்பேன்.

"நசுங்கினது பழையபடி நிமிராது. அடுத்தது நசுங்காம பார்த்துக்கணும். அதான் இப்ப வேலை" என்றார்.

வார்டில் அவளுக்கு இடுப்பைச் சுற்றி பெல்ட் கட்டியிருந்தார்கள். வராந்தாவில் நின்று, 'தாயே, மூணு வருஷமா எதுக்கு உனக்கு நன்றி சொன்னேன்?' என்று கேட்டேன். கேட்கக் கூடாதுதான். கேட்டுவிட்டு, உடனே மன்னிப்பும் கேட்டேன்.

கட்டிலருகே போய், எல்லாவற்றுக்கும் நான்தான் காரணம் என்றேன்.

"நீங்க ஊட்டியா விட்டீங்க? நான்தானே கையில வாங்கிப் போட்டுக்கிட்டேன்" என்றாள். "வலி இல்லாம மூணு வருஷம் இருந்தேன். அதையும் சொல்லணுமில்ல?"

புதுச் சீட்டைப் பிரித்து, எது எதற்கு, எத்தனை நாளைக்கு என்று நர்சம்மாவிடம் கேட்டுக் கேட்டுத் தமிழில் எழுதிக்கொண்டேன். இரண்டு தரம் வாய்விட்டுப் படித்தேன்.

"பத்தாங்கிளாஸ்ல இப்படிப் படிச்சிருந்தா பாஸாயிருப்பீங்க" என்று சிரித்தாள்.

சிரிப்பு பாதியில் நின்றது. கண்ணை இறுக மூடி, கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். சிரித்தால்கூட வலிக்கிறது அவளுக்கு.