வலது வகிடு

எங்கள் ஊரில் நாற்பது வயதைத் தாண்டிய ஆண்களைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். பாதிப்பேர் தலையில் வகிடு வலப்பக்கம் இருக்கும். முடியெல்லாம் கொட்டி நாலே நாலு இழை மிச்சமிருப்பவர்கூட அந்த நாலையும் வலதிலிருந்து இடதுக்குத்தான் தள்ளிவிட்டிருப்பார். ஏன் என்று கேட்டால், "அப்ப அதான ஸ்டைலு" என்பார்கள். அந்த ஸ்டைலைப் பூம்பாறைக்குக் கொண்டுவந்தவர் என் தாய்மாமா.

மாமா அந்தக் காலத்து நடிகர் ஒருவரின் பரம பக்தர். அந்த நடிகர் ஓடியாடி நடித்து ஓய்ந்து இருபது வருடமாவது ஆகியிருக்கும். ஊரெல்லாம் வேறு மோஸ்தருக்குப் போய்விட்டது. மாமா மட்டும் தரையைப் பெருக்கும் பெல்பாட்டம், தூக்கிவிட்ட காலர், கழுத்தில் முடிந்த கர்ச்சீப், காதுக்குக் கீழே இறங்கிய கிருதா என்று திரிந்தார். கொடைக்கானலில் ஒரு தையல்காரரிடம் பழைய சினிமாப் பாட்டுப் புத்தகத்தின் அட்டையைக் காட்டித்தான் அளவு கொடுப்பார். எல்லாவற்றுக்கும் மேலே முடி. காதை மூடிப் பிடரியில் புரளும். நெற்றியில் ஒரு கொத்து மட்டும் தானாக விழுந்தது போலக் கிடக்கும். அதைத் தானாக விழவைக்க தினமும் காலையில் அரைமணி நேரம் கண்ணாடி முன்னால் நிற்க வேண்டியிருந்தது என்பது வீட்டில் இருந்த எங்களுக்குத்தான் தெரியும்.

தாய் தகப்பன் இல்லாத மாமாவைச் சின்னதிலிருந்து அம்மாதான் வளர்த்தார். அதனால் அவர் எங்கள் வீட்டிலேயே இருந்தார். பூண்டு மூட்டைகளை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு மலையிறங்குவது அவர் சோலி. அவர் வண்டி போவதைப் பார்த்துவிட்டு ஊர் இளவட்டங்கள் தங்கள் தலையை ஒரு தரம் தடவிக்கொள்வார்கள்.

எனக்கு எட்டு வயது. தங்கை பிறந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. சாயங்கால பஸ்ஸில் வந்திறங்கிய ஒருவர் அப்பாவை வெளியே கூப்பிட்டு, பழனி பாதையில் மாமாவின் ஜீப் கவிழ்ந்துவிட்டது என்றார். பக்கத்தில் நின்ற என்னை அவர் ஒரு ஆளாகவே மதிக்கவில்லை.

"உசுரு தங்குறது கஷ்டம்ங்கிறாக. ஆசுபத்திரியில கெடக்காப்ல. வெரசா வாங்க."

அப்பா அம்மாவிடம் வேறு என்னவோ சொல்லிவிட்டு ஓடினார். நான் பூண்டு வயலுக்குள் போய் நின்றேன். பழனி முருகனிடம் கேட்கலாம், ஆனால் வெறுங்கையோடு எப்படிக் கேட்பது? என் தலையில் பேனுக்காக ஒட்ட வெட்டிய முடிதான் இருந்தது. அதைப் போய்க் கொடுத்தால் சாமிக்குத்தான் கேவலம். எங்கள் வீட்டில் இருந்ததிலேயே உசத்தியான சாமான் எது என்று யோசித்தேன். சட்டென்று வந்துவிட்டது.

"முருகா, மாமாவ உசுரோட அனுப்பிரு. இந்தப் பூண்டு எடுக்கிறதுக்குள்ள அவுக முடிய உனக்குக் குடுத்துர்றேன்."

கெடுவை நானாகத்தான் வைத்தேன். சாமி கேட்கவே இல்லை.

மூன்றாம் நாள் அப்பா திரும்பி வந்து, "ஒண்ணுமில்ல, சும்மா சிராய்ப்பு" என்று அம்மாவிடம் சொன்னார். மாமாவுக்கு மலையடிவாரத்தில் வேறு சோலி இருக்கிறதாம், வர இரண்டு மாதம் ஆகுமாம். உயிரே தங்காது என்றவருக்கு வெறும் சிராய்ப்பு! முருகன் இவ்வளவு வேகமாக வேலை செய்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. பயம் அன்றைக்குத்தான் ஆரம்பித்தது. சாமி தன் பங்கை முடித்துவிட்டார், இனி என் பங்கு.

மாமா வந்தார். அதே பெல்பாட்டம், அதே கர்ச்சீப். வகிடு மட்டும் இடமிருந்து வலத்துக்கு மாறியிருந்தது. முடி மொத்தமும் இடது காதின் மேல் கூரை இறக்கியது போலச் சரிந்து கிடந்தது.

"என்னடா இது புதுக் கோலம்?" என்றார் அம்மா.

"அவரு கடைசிப் படத்துல இப்பிடித்தாங்க்கா வருவாரு."

அவ்வளவுதான். அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் ஏழெட்டு இளவட்டங்கள் வகிட்டை மாற்றிவிட்டார்கள். பிறந்ததிலிருந்து ஒரு பக்கம் படிந்த முடி சொன்ன பேச்சைக் கேட்குமா? எண்ணெயை ஊற்றி அமுக்கினார்கள், ஈரத்துண்டைக் கட்டிக்கொண்டு திரிந்தார்கள்.

எனக்கோ சிரிப்பு வரவில்லை. பள்ளிக்கூடம் விட்டதும் நேரே வயலுக்குப் போய்ப் பூண்டுத் தாளைப் பார்ப்பேன். தாள் பழுத்துச் சாய்ந்தால் பிடுங்கிவிடுவார்கள். முதலில் நுனியில் மட்டும் மஞ்சள் இருந்தது. பிறகு பாதிவரை இறங்கியது. ஒருநாள் தாங்க முடியாமல் மாமாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

மாமா விழுந்து விழுந்து சிரித்தார். "அடப்பாவி மாப்ள, எந்தலைய வெல பேசிட்டு வந்திருக்கியே!" சட்டென்று சிரிப்பை நிறுத்திவிட்டு என் தோளைப் பிடித்தார். "அம்மாகிட்டச் சொன்னியா?"

"இல்ல மாமா."

"சொல்லிராத. நானே ஒருநா தனியாப் போயி எறக்கிட்டு, முடி கொஞ்சம் வளந்தப்புறம் வாரேன்."

ஆனால் போகவில்லை. அந்தச் சமயம் பார்த்துத்தானா கொடைக்கானலுக்கு சினிமாக்காரர்கள் வர வேண்டும்! பழைய காலத்துக் கதையாம். ஏரிக்கரையில் கதாநாயகன் முதுகைக் காட்டி நடந்து போக வேண்டும், அதற்கு மாமாவைப் பிடித்துவிட்டார்கள். பின்னாலிருந்து பார்த்தால் அச்சு அசல் அந்த நடிகரேதானாம். வியாழக்கிழமை வரச் சொன்னார்கள். சினிமா ஆசையில் சாமியை ஏமாற்றுகிறார் என்று எனக்கு மாமா மேல் ஆத்திரமாக வந்தது. ஆத்திரம் ஒரு பக்கம், பழுதுபார்த்த ஜீப்பை அவர் எடுக்கும்போதெல்லாம் அது வளைவு தாண்டும்வரை வாசலிலேயே நிற்பது ஒரு பக்கம்.

செவ்வாய்க்கிழமை மத்தியானமே மேகம் இறங்கி ஊரை மூடிவிட்டது. போன ஜீப் திரும்பவில்லை. அப்பா வயலிலிருந்து வந்து, "தாளு சாஞ்சிருச்சு, நாளைக்கு ஆள வரச்சொல்லிப் புடுங்கிருவோம்" என்றார்.

நான் ஓடிப்போய் அவர் காலைக் கட்டிக்கொண்டேன். "புடுங்காதீங்கப்பா! புடுங்குனா மாமா செத்துப் போயிருவாரு!"

தங்கைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்த அம்மா எழுந்து வந்தார். அழுகைக்கு நடுவே நேர்ந்துகொண்டதை மட்டும் எப்படியோ சொல்லி முடித்தேன்.

"கூறுகெட்ட பயலே, அடுத்தவன் முடிய நேந்துக்கிற நீ யாருடா?" என்ற அம்மா, கொஞ்சம் நிதானித்தார். "ஆமா, உசுரோட அனுப்புன்னு எதுக்கு வேண்டுன? சிராய்ப்புத்தான?"

"சின்னப் பய, எதையோ கேட்டுட்டு ஒளறுறான்" என்றார் அப்பா அவசரமாக.

அம்மா அப்பாவையே ஒரு நிமிடம் பார்த்தார். அதற்குள் வாசலில் ஜீப் சத்தம் கேட்டது.

"ஏலே, நாளைக்கு வெள்ளனே கெளம்பு. பழனிக்குப் போயி முடியெறக்குறோம்" என்றார் அம்மா, உள்ளே நுழைந்த மாமாவிடம்.

மாமாவின் முகம் செத்துவிட்டது. "வியாழக்கெழம முடியட்டும்க்கா."

"பூண்டு நிக்குமா?"

"அப்ப நான் மட்டும் போயிட்டு வந்திர்றேன். பச்சப்புள்ளயத் தூக்கிட்டு நீ எதுக்கு?"

"நேந்துக்கிட்டவன் கூட நிக்கணும். அவன் நின்னா நானும் நிப்பேன்" என்றார் அம்மா. அதற்கு மேல் எங்கள் வீட்டில் யாரும் பேசியதில்லை.

மறுநாள் முடியெடுக்கும் மண்டபத்தில் மாமா குனிந்து உட்கார்ந்தார். தண்ணீரை அள்ளித் தலையில் தெளித்தார்கள். நெற்றிக் கொத்து முதலில் விழுந்தது. வலப்பக்கம் வழித்தாயிற்று. இடது காதின் மேலிருந்த முடியை ஒதுக்கிய முடியெடுப்பவர் கத்தியைத் தூக்கிக்கொண்டார்.

"என்ன தம்பி இது? எத்தன தையலு?"

காதின் மேலிருந்து உச்சிவரைக்கும், வெடித்த சாக்கைக் கோணியூசியால் இழுத்துத் தைத்தது போல ஒரு தழும்பு ஓடியது. சிவப்புகூட இன்னும் முழுதாக ஆறவில்லை. முடியெடுப்பவர் அதைத் தொடாமல், சுற்றி மெதுவாக வழித்தார்.

அம்மா சத்தம் போடுவார் என்று நினைத்தேன். போடவில்லை. தங்கையை அப்பாவின் கையில் கொடுத்துவிட்டு, "சிராய்ப்புன்னு சொன்னீகளே" என்று மட்டும் கேட்டார். அப்பா தங்கையின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"பச்ச ஒடம்புக்காரி, பயந்துருவன்னுதான்க்கா..." என்று மாமா குனிந்தபடியே சொன்னார்.

எனக்கு அதெல்லாம் எதற்கு? தலை மழமழவென்று ஆனதும் எனக்கு நெஞ்சிலிருந்து கல்லை இறக்கியது போல இருந்தது. பஞ்சாமிர்தத்தை வழித்து வழித்துத் தின்றேன். மாமாவின் சினிமா போனது மட்டும் கொஞ்சம் உறுத்தியது. "கோவமா மாமா?" என்று கேட்டேன். "போடா மாப்ள, முதுகுதான" என்றார். வியாழக்கிழமை வேறு யாரோ ஏரிக்கரையில் நடந்தார்களாம். மாமாவுக்கு முடி திரும்ப வளர்ந்தபோது வகிடு பழையபடி இடப்பக்கமே வந்தது. ஊர் இளவட்டங்கள்தான் மாறவில்லை. பாடுபட்டுப் படியவைத்ததை யார் விடுவார்கள்? அந்த நடிகரும் எதையாவது மூடத்தான் நெற்றியில் முடியை விழவிட்டாரோ என்னவோ, யார் கண்டது.

அன்றைக்குப் பழனியிலிருந்து திரும்பும்போது பஸ்ஸில் மாமா ஜன்னலோரம், நடுவில் அம்மா, அம்மாவை ஒட்டி நான்; முன் சீட்டில் தங்கையோடு அப்பா. மலைப்பாதையில் ஓரிடத்தில் ரோட்டோரத் தடுப்புச் சுவர் உடைந்து கிடந்தது. மாமா அந்தப் பக்கம் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அம்மா கையை எடுத்து, சந்தனம் பூசிய அந்தத் தலையின் மேல் வைத்தார். ஒவ்வொரு வளைவிலும் அந்தக் கை இன்னும் இறுகியது.

பூசிய சந்தனமெல்லாம் வீணாகப் போகிறதே என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

"கைய எடும்மா, சந்தனம் கலையுது" என்றேன்.

வீடு வந்து சேரும்வரை அம்மா எடுக்கவில்லை.