நெடுந்துறையைப் பேசவைத்த ராஜேந்திரன்

காலை வழிபாடு முடிந்து வகுப்புக்குள் நுழையும்போது அலைபேசியில் செய்தி வந்தது: "கேபிள் ராஜேந்திரன் தவறிட்டாரு. மாரடைப்பு." அன்று என்ன பாடம் நடத்தினேன் என்று நினைவில்லை.

நம் நெடுந்துறையில் டிவி வைத்திருந்த எல்லோருக்கும், கேபிள் இணைப்பு கொடுத்த அவரைத் தெரியும். வெளியூரில் யாராவது எந்த ஊர் என்று கேட்டால் நாம் 'முத்துப்பேட்டை பக்கம்' என்றுதான் சொல்வோம். அதில் அவருக்கு வருத்தம். "நமக்குன்னு ஒரு கதை இல்லாமலா போயிடும், டீச்சர்?" என்பார். தன் உள்ளூர் சேனலில் வெள்ளிக்கிழமைதோறும் ஊர் வரலாறு போடத் தொடங்கினார். கேமரா அவர், குரல் நான்.

மூன்றாம் வாரமே சிக்கல் வந்தது. கடைத்தெருவை உண்டாக்கியவர் ராஜேந்திரனின் தாத்தா என்று கேட்டுத்தான் நாம் வளர்ந்தோம். தெற்குத் தெருவில் நடவு வேலை செய்யும் மாரியம்மாள் கேமராவின் முன்னால் வேறு சொன்னார். "அது பூரா ஆத்துச் சேறுங்க. எங்க மாமியா காலத்துல எங்க சனம்தான் மண்ணு சுமந்து மேடாக்குனாங்க. மேடானதும் எங்களையே அந்தப் பக்கம் வரக் கூடாதுன்னுட்டாங்க."

விஷயம் முன்கூட்டியே கசிந்துவிட்டது. கடைக்காரர்கள் சிலர் ராஜேந்திரனின் கேபிள் அறைக்கு வந்தார்கள். முன்னால் நின்றவர் அவருடைய சொந்தச் சித்தப்பா.

"எங்கப்பா கட்டுன கடைத்தெருடா அது. சொந்தக் குடும்பத்தையே அசிங்கப்படுத்துவியா?"

"தாத்தா கடை கட்டுனாருன்னும் போடுறேன் சித்தப்பா. தரையை யாரு போட்டாங்கன்னும் சொல்லணும்ல?"

அந்த வெள்ளிக்கிழமை மாரியம்மாள் பேசியது முழுவதும் ஒளிபரப்பானது. மறுவாரம் கடைத்தெரு வீடுகள் ஒவ்வொன்றாக இணைப்பை வேண்டாமென்றன. யாரோ ஒயரை வெட்டினார்கள். ராஜேந்திரனே ஏணி போட்டு ஏறி ஒட்டினார். குடும்ப விசேஷங்களுக்கு அவரையும் அவர் மனைவி செல்வியையும் அழைப்பது நின்றுபோனது. அது மட்டும் அவரை உறுத்தியது. "தப்பு பண்ணிட்டனா, டீச்சர்?" என்று ஒருநாள் கேட்டார். "இல்லை" என்றேன்.

பிறகு ஜவுளிக்கடை சாகுல் பாய் தானாகவே வந்து கேமராவின் முன் உட்கார்ந்தார். "அந்தம்மா சொல்றது நெசம். எங்க அத்தா சொல்லியிருக்காங்க. இத்தனை நாளா நாங்க வாயைத் திறக்கலை, அவ்வளவுதான்." அதன்பின் கடைத்தெருவில் சிலர் இணைப்பைத் திரும்பக் கேட்டார்கள். மற்றும் சிலர் தங்கள் வீட்டுக் கதைகளோடு வந்தார்கள். சித்தப்பா மட்டும் வரவில்லை. சாவுக்குத்தான் வந்தார். வாசலைத் தாண்டாமல் நின்று அழுதார். மாரியம்மாள் கடைத்தெரு வழியாகவே நடந்து வந்து, உள்ளே போய்ச் செல்வியின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

யார் பேசி முடித்தாலும் ராஜேந்திரன் உடனே கேமராவை அணைக்க மாட்டார். நான் அவசரப்படுத்தினால், "அவங்க முடிச்சுட்டாங்கன்னு நமக்கெப்படித் தெரியும்?" என்பார். அந்த மௌனத்துக்குப் பிறகு வந்தவைதான் அவர் எடுத்ததிலேயே நல்லவை.

காரியம் முடிந்து செல்வியைப் பார்க்கப் போனேன். "ராத்திரி நல்லா சாப்பிட்டுத்தான் படுத்தாரு" என்று சொல்லி நிறுத்தினார். ஆறுதல் வார்த்தை ஒன்று என் நாக்கு நுனிவரை வந்தது. சொல்லவில்லை; காத்திருந்தேன். ராஜேந்திரனிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அதுதான். கொஞ்ச நேரம் கழித்து, செல்வி பேசத் தொடங்கினார்.