மாமியாரின் கூரைப்புடவை

பழைய துணிகளை வெட்டி, இணைத்துப் போர்வை தைப்பது என் பொழுதுபோக்கு. ரெட்டியார்பாளையத்தில் எங்கள் வீட்டுக் கட்டில்களில் எல்லாம் நான் தைத்த போர்வைகள்தான்.

போன மாதம் என் நாத்தனார் ஒரு பை நிறையப் புடவைகளைக் கொண்டுவந்தாள். அதில் ஒரு அரக்குநிறப் பட்டும் இருந்தது. தயங்கினேன்.

"அம்மாதான் குடுத்தாங்க அண்ணி, வெட்டிக்கோங்க" என்றாள். நம்பி வெட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை நாத்தனாருடன் வந்த மாமியார் அந்தத் துண்டுகளைப் பார்த்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அது அவருடைய கூரைப்புடவை. ஒரு விசேஷத்துக்குக் கட்டிக்கொள்ள மகளிடம் கொடுத்திருந்தாராம்.

நான் நாத்தனாரைப் பார்த்தேன். "நா எப்ப வெட்டச் சொன்னேன்? பத்திரமா வைக்கத்தான் குடுத்தேன்" என்றாள். என் கணவரும் என்னைத்தான் கோபித்துக்கொண்டார்.

பிறகு நாத்தனார் சமையலறைக்குத் தனியாக வந்து சொன்னாள்: "இஸ்திரி போடறப்போ முந்தானை பொசுங்கிடுச்சி அண்ணி. அம்மா என்ன மன்னிக்க மாட்டாங்க. நீங்கன்னா தெரியாம செஞ்சதா நெனச்சுப்பாங்க."

மாமியார் இன்னும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

இப்போதெல்லாம் யார் துணி கொடுத்தாலும், அதைப் படமெடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுகிறேன். உரியவர் சரி என்ற பிறகே கத்தரிக்கோலை எடுக்கிறேன். நாத்தனார் அதற்குப் பிறகு எனக்கு ஒரு துணிகூடக் கொடுக்கவில்லை.